சுவரடியில் தேங்கிய குளிர்

என் முதல் குழந்தை ஒரு மார்கழியில் இறந்துபோனது. அடுத்த மார்கழியில் இரண்டாவது குழந்தை என் மடியில் இருந்தது. நடுவில் போன மாதங்களில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், சமைத்தேன், களையெடுத்தேன், மாட்டைப் பிடித்துக் கட்டினேன் என்றுதான் சொல்ல வரும். அழவில்லை. பெற்றவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசட்டும் என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அந்த மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் கிழக்கே பார்த்த ஒரு சரிவின் நடுவில் இருந்தது. காலையில் முதல் வெயில் அங்கேதான் விழும். நாங்கள் மட்டும் ஊருக்குள் இல்லை. என் வீட்டுக்காரர் ஓடையைத் தாண்டி, எதிர்மலையின் அடியில், பள்ளத்தில் தனியாக வீடு கட்டியிருந்தார். தண்ணீர் பக்கம், வண்டிப்பாதையும் பக்கம் என்று சொன்னார். இரண்டும் நிஜம்தான். ஊரில் யாரும் ஏன் அங்கே கட்டவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் தனி வீடு என்றால் எவளுக்குத்தான் கசக்கும்.

வீட்டுக்கு முதுகில் மலை. முன்னால் எங்கள் கொல்லை. அதில் மரவள்ளியும் அவரையும் போட்டிருந்தோம். கொல்லைக்குக் கீழே ஓடை. ஓடைப் பக்கம் இரண்டு பெரிய பாறைகள் உண்டு, அவற்றுக்கு நடுவில் திறந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி. காட்டுப் பன்றிகள் அந்த வழியாகத்தான் ஏறி வரும். ஒரு கூட்டம் வந்துவிட்டுப் போனால் காலையில் கொல்லை உழுது போட்ட மாதிரி இருக்கும். கிழங்கு ஒன்று மிஞ்சாது.

மலையில் எல்லோரும் முள்ளைத்தான் வேலியாக வைப்போம். இலந்தை முள்ளும் காரை முள்ளும் வெட்டி இழுத்து வந்து அடுக்கிவிட்டால் வேலி. பன்றி அதை மதிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் வருஷா வருஷம் முள்தான். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கல்யாணத்துக்கு முன்னால் ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கும் வேலைக்குப் போய்வந்தவர். அங்கே ஒரு பெரிய வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதுமுதல் அவருக்குச் சுவர்ப் பைத்தியம். ஓடையில் கிடந்த கல்லையெல்லாம் புரட்டி எடுத்து, பாறைக்குப் பாறை, அந்த வாயைச் சுவர் வைத்து அடைத்தார். சந்து பொந்து இல்லாமல் சில்லுக்கல் சொருகி, மேலே களிமண் அப்பி, ஆள் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினார். முதல் குழந்தை அப்போது என் வயிற்றில் இருந்தது. பன்றிகள் வந்தன, சுவருக்கு அந்தப் பக்கம் உறுமின, திரும்பிப் போயின. அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. ஊர்க்காரர்கள் இறங்கி வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அந்தக் குழந்தை ஐப்பசியில் பிறந்தது, பெண். மார்கழி பிறந்ததும் அதற்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கஷாயம் கொடுத்தோம், நெஞ்சில் எண்ணெய் தடவினோம், கதவைச் சாத்திக் கணப்பு மூட்டினோம். ஒரு விடியற்காலையில் என் வீட்டுக்காரர் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அவர் அப்படியே திரும்பி ஏறி வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குலசாமிக்குப் பொங்கல் வைத்து அரைஞாண் கட்டுகிற வரைக்கும் பச்சைக் குழந்தையை ஓடை தாண்டித் தூக்கக்கூடாது. அவர் தாண்டிவிட்டார். குழந்தை போனது அதனால்தான் என்று என் நாத்தனார் அடித்துச் சொன்னாள். அவருடைய அக்கா அவள், மேலே ஊருக்குள் இருந்தாள்.

"ஓடையாண்ட வூடு கட்டாதேன்னு அன்னிக்கே சொன்னேன். காத்துக் கருப்பு கீற எடம். அதுலயும் அரணாக் கவுறு கட்டாத கொயந்தய தண்ணி தாண்டித் தூக்கினு போய்ட்டே. இப்ப இன்னா ஆச்சு பாத்தியா?" என்று தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிய காலைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போல நடமாடினார். நான் அவரைத் தேற்றவில்லை. அவரும் என்னைத் தேற்றவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மரக்கட்டைகள் சோறு தின்றன, படுத்தன, எழுந்தன.

இரண்டாவதும் பெண்தான். கார்த்திகையில் பிறந்தது. பார்க்க வந்தவர்கள் போனதே திரும்பி வந்துவிட்டது என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. போனது போனதுதான், இது வேறு. இதைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், சாம்பிராணிப் புகை போட்டேன். மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் அதன் நெஞ்சில் அதே சத்தம் கேட்டது.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஊருக்குள் நாத்தனார் வீட்டில் தை முடியும்வரை இருந்துவிட்டு வரலாம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேணாம்மே. இன்னொருவாட்டி நான் ஓடைய தாண்ட மாட்டேன். தைப் பொங்கலு வெச்சு கவுறு கட்டிட்டு எங்க வேணாலும் போலாம். அதுவரிக்கும் வேணாம்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு வற்புறுத்த முடியவில்லை. தை வரைக்கும் இந்தக் குழந்தை அந்தப் பள்ளத்தில் தாங்க வேண்டும். தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

மரத்துப்போனவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டே உட்காரலாம், சலிக்காது. பிள்ளை பெற்றவள் என்று என்னை வேலைக்கு விடவில்லை. வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மேட்டில் மாட்டுக் கொட்டகை. சாயங்காலம் அவர் கொசுவுக்காகப் பச்சை இலையும் சாணி வறட்டியும் போட்டு மாட்டுக்கு மூட்டம் போடுவார். நான் அந்தப் புகையைப் பார்ப்பேன்.

மத்தியானத்தில் எங்கள் அடுப்புப் புகை மலையைப் பார்த்துச் சாயும். வெயில் உச்சி தாண்டி எங்கள் சரிவில் விழுந்து பாறையெல்லாம் காய்ந்த பிறகு காற்று கீழேயிருந்து மேலே ஏறும். காலையில் எதிர்ச்சரிவில் இதே கதைதான், அங்கே வெயில் முதலில் விழுவதால் அங்கே முதலில் ஏறும். நாங்கள் பனிமூட்டத்துக்குள் கைகால் விறைத்து உட்கார்ந்திருக்கும்போது ஊர்ப் பெண்கள் அந்தக் காற்றில் சாமை தூற்றிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். ஓர் இலை ஆடாது. கொஞ்ச நேரம் பொறுத்து என் பிடரியில் சில்லென்று ஏதோ படும். காற்று என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக மலையிலிருந்து இறங்கி வரும். அப்போது கொட்டகைப் புகை மேலே போகாது. தரையோடு தரையாக, கொட்டிவிட்ட தண்ணீர் மாதிரி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கும். மரவள்ளிக்கு நடுவில் நுழைந்து போய்ச் சுவரில் முட்டும். முட்டி நிற்கும். பின்னால் வருகிற புகை அதன்மேல் ஏறும். பிறகு மெல்ல மெல்லத் திரும்பி, கொல்லையை நிரப்பிக்கொண்டு, என் வாசற்படிக்கு வரும்.

பல நாள் இதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவர் வீட்டில் இல்லை. நான் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே அடுத்த வளைவுக்குப் போனேன். ஓடை தாண்ட வேண்டியதில்லை. அங்கே ஊர்க்காரர் ஒருவரின் கொல்லையும் மாட்டுப் பட்டியும் இருந்தன, அவரும் மூட்டம் போட்டிருந்தார். அந்தப் புகையும் சரிவோடு இறங்கியது. அவருடைய வேலி முள்வேலி. புகை முள்ளுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, ஓடைக்கு இறங்கி, ஓடையோடு போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

கன்றைப் பிடித்த கையோடு நான் அங்கேயே நின்றேன். உள்ளே ஏதோ புரண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்குள் இறங்கிப் பார்த்தேன். பனிமூட்டம் சுவரின் உச்சி மட்டத்துக்கு நிரம்பியிருந்தது, பானையில் பால் நிற்கிற மாதிரி. சுவரை எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஓடை மணல் பளிச்சென்று தெரிந்தது. சுவரை ஒட்டியிருந்த அவரைக்கொடியில் கீழ் இலையெல்லாம் பனியில் கருகிக் கிடந்தன. சுவர் மேல் ஏறிப் படர்ந்த இலைகள் பச்சையாக இருந்தன. வெறுங்காலோடு வீட்டைத் தாண்டி மேட்டுக்கு ஏறினேன். கொட்டகைக்கு மேலே, வெயில் இன்னும் வராத இடத்தில், தரை அவ்வளவு குளிராக இல்லை. என் வீட்டு வாசலில்தான் கால் மரத்தது.

பிற்காலத்தில் நான் தபாலில் படித்துப் பரீட்சை எழுதி, கண்ணமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். ஆறாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை வருஷா வருஷம் நடத்த வேண்டியிருந்தது. சூரியன் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சுட வைப்பதில்லை. பாறை சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ஈரமண் மெதுவாக. சுட்ட இடத்துக் காற்று இலேசாகி மேலே போகும், குளிர்ந்த காற்று கனமாகி அந்த இடத்துக்கு நகரும். அந்த நகர்தல்தான் காற்று. சித்திரையில் மலைத்தலை காய்ந்து, கீழ்நாட்டுக் காற்றெல்லாம் ஏறி வந்து, மத்தியானத்துக்கு மேல் இடி இடித்துக் கல்மழை கொட்டுவதும் அதுதான். கடலும் நிலமும் வேறு வேறாகச் சுடுவதால் வருஷத்துக்கு இரண்டு முறை பெரிய மழை வருவதும் அதுதான். புத்தகத்தில் ஒரு கடற்கரைப் படம் போட்டிருக்கும், பகலில் ஓர் அம்புக்குறி, இரவில் திருப்பிப் போட்ட அம்புக்குறி. நான் அதை நடத்தும்போது பிள்ளைகள் கவனமாகத்தான் கேட்பார்கள். காற்றுக்கு யார் மேலும் பாசமும் இல்லை, பகையும் இல்லை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் அந்த மார்கழியில் எனக்குப் பாடம் எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மலைமேலிருந்து இறங்கும் குளிர் எல்லார் வீட்டையும் தாண்டிப் போய்விடுகிறது, எங்கள் வீட்டில் மட்டும் சுவரில் முட்டித் தேங்குகிறது. புகையும் அதோடு சேர்ந்து தேங்குகிறது. அதற்குள்தான் என் குழந்தை மூச்சு விடுகிறது. சுவரைத் திறந்தால் வடிந்து போகலாம். போகும் என்று சத்தியம் செய்ய முடியாது. திறந்தால் பன்றி வரும், அது மட்டும் நிச்சயம். மரவள்ளி போனால் அடுத்த சாமை அறுக்கும்வரை கஞ்சிக்குத் திண்டாட வேண்டும்.

சுவரைத் திற என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அது இந்தக் குழந்தையோடு நிற்காது. முதல் குழந்தை பிறந்தபோதும் அந்தச் சுவர் அங்கேதான் இருந்தது. இதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷமாக ஒன்றுமே வராமல் கிடந்தவளுக்குக் கோபம் வந்தது. நாத்தனார் சொன்ன ஓடைக் கருப்பும் இல்லை, அரைஞாண் கயிறும் இல்லை. நீ ஆசை ஆசையாகக் கட்டினாயே, அந்தச் சுவர்தான் என்று அவர் முகத்தில் அறைந்த மாதிரி சொல்ல வேண்டும். அவர் என்ன ஆவார் என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

அதற்குள் குழந்தை பால் குடிப்பதைக் குறைத்தது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சுக்காக வாயை எடுத்துவிடும்.

சாயங்காலம் அவர் மூட்டம் போட்டுவிட்டுக் கை கழுவ வந்தார்.

"இன்னாங்க, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க," என்றேன்.

"இன்னாமே?"

"பொகையப் பாருங்க."

நின்றார். புகை கொல்லைக்குள் இறங்கியது, முட்டியது, நின்றது, திரும்பி வந்தது. அவர் மரியாதைக்குப் பார்ப்பதுபோலத்தான் முதலில் பார்த்தார். பிறகு இரண்டடி முன்னால் போனார். புகைக்குள் இறங்கி, சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார். சுவர் மேல் வைத்தார், சுவருக்குக் கீழே வைத்தார். திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறி நின்றார். மறுபடி இறங்கினார்.

"பக்கத்துக் கொல்லையில இது நிக்கல," என்று மட்டும் சொன்னேன். "முள்ளு தாண்டிப் போய்டுது. குளிரும் அப்டித்தான். நம்ப வூட்லதான் நிக்குது."

"சொவத்த ஒடச்சா பன்னி வுடுமா? மொத்தத்தையும் நோண்டிட்டுப் போய்டும்மே. அப்பறம் இன்னாத்த துன்றது?"

"கெயங்கு போனா திரும்ப நட்டுக்கலாங்க."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே குழந்தை இருமியது. இருமல் என்று சொல்வதுகூட அதிகம், அவ்வளவு சின்னதாக. அவர் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

சுவரின் அடியில், நடு மத்தியில் இடித்தார். நன்றாகக் கட்டிய சுவர், சீக்கிரம் இளகவில்லை. சில்லுக்கல் தெறித்தது, களிமண் உதிர்ந்தது. ஒரு பெரிய கல் அசைந்து வெளியே வந்ததும், பின்னால் நின்றிருந்த புகை அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த மாதிரி அதில் நுழைந்தது. முதலில் ஒரு கயிற்றுத் தடிமனுக்கு. இன்னொரு கல்லை எடுத்தார், இன்னொன்று. புகை வாய்க்கால் மாதிரி ஓட ஆரம்பித்தது. என் வாசலில் நின்றது இறங்க, மரவள்ளித் தண்டுகள் கீழிருந்து மேலாகத் தெரிய ஆரம்பித்தன.

அவர் கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். நான் சொல்ல வேண்டியதே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவரே அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஏமே," என்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "போன வருசமும் இது இப்டித்தான் நின்னுச்சா?"

இரண்டு நாளாக நான் காத்திருந்த நேரம் அதுதான். வாய்க்குள் இருந்த வாக்கியத்தைத் தேடினேன். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது, தாங்க முடியாத இரக்கம்.

"இல்லீங்க," என்றேன். "போன வருசம் காத்து வேற மாதிரி. இப்டி நிக்கவேயில்ல. நான் தெனமும் பாத்தேன்."

போன வருஷம் நான் புகையையே பார்க்கவில்லை. அவருக்கும் அது தெரியும். முதல் குழந்தையோடு நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன், மூட்டம் போட்டது அவர்தான். அவர் தலையை ஆட்டினார். "ஆமா, போன வருசம் காத்து வேற," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். கல்லைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கல்லில் கடப்பாரையைக் கொடுத்தார். இருட்டுவதற்குள் அந்த வாய் முழுவதும் திறந்துவிட்டது.

பன்றிகள் அந்த வாரமே வந்து கொல்லையைக் காலி செய்தன. குழந்தையின் நெஞ்சுச் சத்தம் மெதுவாக, மிக மெதுவாகக் குறைந்தது. சுவர் திறந்ததால்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு டாக்டர் வேறு ஏதாவது சொல்லக்கூடும். தையில் அரைஞாண் கட்டினோம். ஓடை தாண்டித் தூக்கிக்கொண்டு போனபோது அவள் கனமாக இருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் எங்கள் கொல்லைக்கு முள்வேலிதான். வருஷா வருஷம் கையெல்லாம் கிழித்துக்கொண்டு அவரேதான் வெட்டிவந்து அடுக்குவார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன், அவரும் அதைத்தான் நம்பியிருப்பார்.